கடைமடைக்காரியின் பதில்

1972ஆம் வருடம் ஐப்பசி மாதத்துக் காலை ஒன்றில், பாலக்காட்டை அடுத்த பெருமாட்டிக்குக் கிழக்கே பிரிகிற கிளைக்கால்வாயில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் ஓடின இடத்திலேயே நின்றுவிட்டது. மேலே அணையை யாரும் அடைக்கவில்லை. கரையும் உடையவில்லை. மருதாத்தாள் ஒரு வார்த்தையில் சிக்கிக்கொண்டாள், அவளோடு சேர்ந்து தண்ணீரும் சிக்கிக்கொண்டது, அவ்வளவுதான். சற்று நேரத்தில் தண்ணீர் விடுபட்டுக் கீழே போய்விட்டது. கரையில் நின்றிருந்த ஆட்களும் விடுபட்டு வீட்டுக்குப் போனார்கள். மதகின் மேல் எரிகிற தீக்குச்சியோடு நின்ற குப்பண்ணன் மட்டும் விடுபடவில்லை. அவர் ஏழு வருடம் அங்கேயே நின்றார். அந்த வருடம் மழை சுமார், கடலைக்காய் விலை இறங்கியது, குப்பண்ணன் மதகில் நின்றார் என்று ஊரில் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். ஆனால் அவர் சும்மா போய் நின்றுவிடவில்லை. நிற்பதற்கு என்னென்ன செய்யவேண்டுமோ அத்தனையும் செய்துவிட்டுத்தான் நின்றார்.

மருதாத்தாளுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்தே திக்கு. விவரம் தெரியாதவர்கள் அவளுக்கு வார்த்தை வரவில்லை என்பார்கள். வராமல் என்ன? சொல்லப்போகிற வார்த்தை முழுசாக, பளிச்சென்று வாய் வரைக்கும் வந்து நிற்கும். அங்கே வந்ததும் உள்ளேயிருந்து ஒரு கை அதைப் பிடித்துக்கொள்ளும். எருமையிடம் பேசும்போது அந்தக் கை வராது. தனியாகத் துணி துவைக்கும்போது வராது. பாடும்போது வராது, கல்யாண வீட்டில் அவள் பாடியதைக் கேட்டு வாய்பிளந்தவர்கள், பாடி முடித்ததும் அவளிடம் பேச்சுக்கொடுத்துவிட்டு முழிப்பார்கள். எதிரே ஒருத்தர் பதிலுக்குக் காத்திருக்கிறார் என்று தெரிந்தால் போதும், கை வந்துவிடும். அதிலும் ‘வ’வில் தொடங்குகிற வார்த்தைகள் அவளுக்கு எமன். வெள்ளிக்கிழமை என்று சொல்லமாட்டாள், சனிக்கு முந்தின நாள் என்பாள். வெயில் என்று சொல்லாமல் இன்னைக்குச் சூடு சாஸ்தி என்பாள். இப்படி வளைத்து வளைத்தே முப்பது வயது வரை வந்துவிட்டாள். அவளுடைய அண்ணன் வாளையாறு வழியாகக் கோயமுத்தூருக்கு லாரி ஓட்டியவர். “வண்டில ஒரு கொறையுமில்ல அம்மணி. பிரேக்குத்தான் நீ மிதிக்காமயே புடிக்குது” என்று ஒருநாள் சொன்னார். தன்னைப் பற்றி ஊரார் சொன்ன எல்லாவற்றிலும் அது ஒன்றுதான் அவளுக்குச் சரியென்று பட்டது.

அவளைக் கட்டிய நஞ்சப்பனுக்குக் கால்வாயின் கடைமடையில் மூன்று ஏக்கர். நல்ல குரல் அவனுக்கு. இந்தக் கரையில் நின்று பேசினால் அந்தக் கரையில் மாடு திரும்பிப் பார்க்கும். வீட்டுக்கு வேண்டிய பேச்சையெல்லாம் அவனே பேசினான், அவளிடம் மட்டும் குரலை இறக்கிப் பேசினான், அவள் சொல்லி முடிக்கும்வரை வேறெங்கும் பார்க்காமல் காத்திருந்தான். பிள்ளை இல்லை. இல்லாத குறைக்கு அவன் வரப்போரம் நெடுக ஒரு வரிசை தென்னம்பிள்ளை வைத்தான். அவை முழங்கால் உயரம் வளர்ந்திருந்தபோது, 1970இல், காய்ச்சலில் இரண்டே வாரம் படுத்துச் செத்துப்போனான். மருதாத்தாளுக்குப் புருஷனும் போய், அவனோடு குரலும் போயிற்று. மிச்சமிருந்தது நிலமும் அந்தத் தென்னம்பிள்ளைகளும்தான்.

அந்தக் கால்வாயில் தண்ணீர் விடுவதற்கு ஒரு வழக்கம் இருந்தது. முறை கூப்பிடுகிறவர் மதகின் மேல் ஏறி நின்று, யாருடைய முறையோ அந்த வீட்டைச் சத்தமாகக் கூப்பிடுவார். அந்த வீட்டு நிலத்துக்கு உடையவர், தன் வாயால், “வந்துட்டனுங்க” என்று பதில் சொல்லவேண்டும். அந்த ஒரு சொல்லைத் தவிர வேறு சொல் செல்லாது, அடுத்த வீட்டுக்காரர் சொன்னால் செல்லாது, ஆள் கண்ணெதிரே நின்றாலும் சொல்லாமல் செல்லாது. பதில் வந்தால் மடைப்பலகை தூக்கப்படும். வராவிட்டால் தண்ணீர் அடுத்த வீட்டுக்குப் போகும். எப்போதோ ஆளில்லாத வயலுக்குத் தண்ணீர் விட்டு, வரப்பு உடைந்து, வெட்டுக்குத்து ஆனதிலிருந்து வந்த ஏற்பாடு என்பார்கள். கூப்பிடுகிற உரிமை தலைமடைக் குடும்பத்துக்கு. குப்பண்ணனுடைய அப்பா இருந்தவரைக்கும் பிரச்சினை எழவில்லை. “நஞ்சப்பன் ஊடு!” என்று கூப்பிட்டுவிட்டு அவர் மதகிலேயே உட்கார்ந்து வெற்றிலை போட ஆரம்பிப்பார். அவர் போட்டு முடிப்பதற்குள் மருதாத்தாள் அந்தச் சொல்லை எப்படியாவது வெளியே கொண்டுவந்துவிடுவாள்.

அவருக்குப் பின் குப்பண்ணன் மதகில் ஏறினார். ஏறுவதற்கு முன்பே ஒருமுறை மருதாத்தாள் வீட்டுக்கு வந்து, கடைமடையை எனக்கே கொடுத்துவிடு, பொம்பளை ஒருத்தியாக என்ன செய்வாய் என்று கேட்டிருந்தார். அவள் மாட்டேன் என்று சொல்ல வெகுநேரம் ஆயிற்று. சரி என்றுதான் சொல்லப்போகிறாள் என்ற நினைப்பில் அவரும் சிரித்த முகமாகக் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பை அவர் மன்னிக்கவே இல்லை. முறை கூப்பிட ஆரம்பித்த முதல் மாதமே புது ஏற்பாடு கொண்டுவந்தார்: கூப்பிட்டதும் ஒரு தீக்குச்சி உரசுவார், அது அணைவதற்குள் பதில் வந்தாக வேண்டும். எல்லாருக்கும் ஒரே நியாயம் என்றார். காற்றில் அணைந்தாலும் அணைந்ததுதான் என்றார். மற்றவர்களுக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை, சீக்கிரம் வேலை முடிகிறதே என்று சந்தோஷம்தான். தீக்குச்சி யாருக்காக உரசப்படுகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே தலையைக் குனிந்து மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

மருதாத்தாள் மதகுக்கு எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் போய் நிற்பாள். குப்பண்ணன் அவளைப் பார்த்துக்கொண்டே, அடிவானத்தில் யாரையோ கூப்பிடுவதுபோல, “நஞ்சப்பன் ஊடு!” என்பார். தீக்குச்சி உரசுவார். அவள் கீழுதட்டின்மேல் பல் பதியும், கழுத்து நரம்பு புடைக்கும், ஒரு கால் தானாகத் தரையைத் தட்டும். கை தூக்கிக் காட்டுவாள். “கை பேசுமா?” என்பார். தீக்குச்சி கறுத்து வளைந்து விழும். பிறகு அவர், பக்கத்தில் நிற்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று, தானும் உதட்டைக் கடித்துக்கொண்டு, “வ... வ... வ...” என்று இழுத்துக் காட்டுவார். அவர்களும் சிரிப்பார்கள். தண்ணீர் திரும்பித் தலைமடைக்கே போகும். வீட்டுக்கு வந்து எருமையின் முன்னால் நின்று அதே சொல்லை அவள் தடையில்லாமல், மணி மணியாக, எத்தனை தரம் வேண்டுமானாலும் சொல்வாள்.

அடுத்த கோடையில் வயல் பாளம் பாளமாக வெடித்தது. பயிரை அவள் விட்டுவிட்டாள். தென்னம்பிள்ளைகளை விடவில்லை. கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினாள், கிணறு வற்றியதும் அடுத்தவர் கிணற்றிலிருந்து சுமந்தாள், அதுவும் வற்றியது. தென்னம்பிள்ளை சாகும்போது வெளி ஓலை பச்சையாகவே இருக்கும், நடுக்குருத்து மட்டும் செத்திருக்கும். ஒருநாள் அவள் ஒரு குருத்தைத் தொட்டாள், அது கையோடு வந்துவிட்டது. அடுத்ததும் வந்தது. வரிசை முழுக்க அப்படியே நடந்துபோய் எல்லாக் குருத்துகளையும் மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வழியில் குப்பண்ணன் பார்த்தார். “புள்ள தங்காத ஊட்டுல தென்னம்புள்ள மட்டும் தங்குமா?” என்று பக்கத்தில் நின்றவரிடம், அவள் காதில் விழுகிற மாதிரி சொன்னார். மருதாத்தாளுக்கு அழுகை வரவில்லை.  இந்த ஆளை என்ன செய்தால் தகும் என்று யோசித்தாள். வெட்டினாலும் தகாது, விஷம் வைத்தாலும் தகாது, ஏனென்றால் இரண்டும் சீக்கிரம் முடிந்துவிடும்.

அந்த ஐப்பசிக் காலையில் அவள் மதகுக்குப் போனது தண்ணீருக்காக அல்ல. காப்பாற்ற ஒன்றும் மிச்சமில்லை. போகாவிட்டால் பயந்துவிட்டாள் என்பார்கள், அதற்காகப் போனாள். குப்பண்ணன் கூப்பிட்டார், உரசினார், சிரித்தார். அவள் வாயைத் திறந்தாள், உள்ளேயிருந்து அந்தக் கை வந்து பிடித்தது. பிடித்த பிடியில் தண்ணீர் நின்றது. தண்ணீரில் மிதந்துவந்த புளிய இலை நின்றது, கரையில் ஒருவர் துப்பிய எச்சில் பாதி வழியில் நின்றது, மீன்கொத்தி ஒன்று மூக்கைத் தண்ணீரில் வைத்தபடி தலைகீழாக நின்றது. தீக்குச்சியின் நுனியில் சுடர் ஒரு பூசணி விதை மாதிரி ஆடாமல் நின்றது. மருதாத்தாள் திடுக்கிட்டாள். ஆனாலும் வழக்கம்போல அந்தக் கையோடு மல்லுக்கட்டாமல், வாழ்க்கையில் முதல்தடவையாக, அதை அப்படியே இருக்க விட்டாள். பிறகு மெதுவாக உதட்டைத் தளர்த்திப் பார்த்தாள். மீன்கொத்தி பறந்தது. இன்னும் கொஞ்சம் தளர்த்தினாள், எச்சில் விழுந்தது, தண்ணீர் நகர்ந்தது, கரையில் நின்றவர்கள் தும்மினார்கள், கொட்டாவி விட்டார்கள். குப்பண்ணனுடைய விரல் அசையப்போகிற நேரத்தில் சட்டென்று இறுக்கிக்கொண்டாள். இத்தனை வருடம் தானாகப் பிடித்துக்கொண்டிருந்த பிரேக்கை அவளே காலால் மிதித்த கணம் அது. புகையிலையை அடக்கிக்கொள்வதுபோலப் பாதிச் சொல்லைக் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள்.

குப்பண்ணன் செத்திருக்கவில்லை. பாலக்காட்டிலிருந்து வந்த டாக்டர் மார்பில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “ஜீவனுண்டு” என்று சொல்லி, காப்பி குடித்துவிட்டுப் போனார். நாலைந்து பேராகத் தூக்கிப் பார்த்தார்கள், கடப்பாரை போட்டு நெம்பிப் பார்த்தார்கள், மதகுதான் விரிசல் விட்டது. போலீஸ் வந்து விசாரித்தது. ஒரு பெண்பிள்ளை ஒரு வார்த்தையைச் சொல்லி முடிக்கவில்லை என்பதற்கு எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. ஊர் பழகிக்கொண்டது. அந்தச் சுடர் மழையிலும் அணையாததால் கள் இறக்குகிறவர்கள் அதில் பீடி பற்றவைத்துக்கொண்டார்கள். தூக்கியிருந்த அவருடைய இடது கையில் குளிக்க வந்தவர்கள் துண்டைப் போட்டார்கள். தேர்தல் சமயத்தில் இரண்டு கட்சிக்காரர்களும் கொடி கட்டினார்கள், ஆளுக்கொரு தோளில். முறை கூப்பிடுவது ஆளுக்கு ஒரு மாதம் என்று சுற்றில் போயிற்று. தீக்குச்சியை யாரும் தொடவில்லை. கடைமடை முறை வந்தால் மருதாத்தாளின் முகத்தைப் பார்ப்பார்கள், அவள் கையைத் தூக்குவாள், பலகையைத் தூக்குவார்கள். முன்பு பேசாத கை இப்போது நன்றாகவே பேசியது. அவள் மறுபடியும் அதே குழிகளில் தென்னம்பிள்ளை வைத்தாள்.

வேறு ஒரு வார்த்தை பேசினாலும் அடக்கி வைத்தது நழுவிவிடும் என்பதால் அவள் யாரிடமும் எதுவும் பேசவில்லை. குப்பண்ணனுடைய மகன்கள் இருவரும் அவளைப் பேசவைக்கப் பார்த்தார்கள். தண்ணீர்ப் பாம்பைப் பிடித்து வாசலில் விட்டார்கள். துள்ளிக் குதித்தாள், சத்தம் வரவில்லை. கொல்லங்கோட்டுப் பக்கமிருந்து ஒரு மந்திரவாதியைக் கூட்டிவந்தார்கள். அவர் அவளுடைய கண்ணைப் பார்த்துவிட்டுத் தட்சிணை வாங்காமலே பஸ் ஏறினார். மளிகைக்கடை சைனுதீன் மட்டும் எப்போதும்போல இருந்தார். முன்பெல்லாம் அவள் பேசி முடிக்கும்வரை தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டு சும்மா இருப்பவர் அவர். இப்போது அவள் விரலைக் காட்டிய பொருளைக் கட்டிக் கொடுத்துவிட்டு, “தோணும்போது முடிச்சுக்கங்க, அவசரமில்ல” என்றார். நாடே வாயை மூடிக்கொண்டிருந்த அந்த எமர்ஜென்சிக் காலத்தில் மருதாத்தாளை யாரும் விசேஷமாகக் கவனிக்கவில்லை. வலி அவளுக்குத்தான் தெரியும். தாடை இரவும் பகலும் வலித்தது. எருமை ஈன்ற கன்றைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியவில்லை. துணி துவைக்கும்போது பாட முடியவில்லை. நஞ்சப்பன் பெயரை ஆளில்லாத வீட்டில் ஒருமுறை சொல்லிப் பார்க்கவேண்டும் என்று தோன்றும் சில நாள். பல்லைக் கடித்துக்கொள்வாள். குப்பண்ணன் நிற்கிறார் என்ற நினைப்பு அதற்கெல்லாம் ஈடாக இருந்தது, சோற்றைவிட ருசியாகவும் இருந்தது.

குப்பண்ணனுடைய மனைவி ராமாத்தாள் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்தாள். முதல் வருடம் வாசலில் விழுந்து அழுதாள். “அக்கா, உங்க கால்ல உழறேன். அந்தப் பேச்ச முடிச்சிருங்க. தாலி கழுத்துல இருக்குது, ஆளு மதகுல நிக்குது, நான் என்னன்னு பொட்டு வெப்பேன்?” மருதாத்தாள் அவளுக்கு மோர் கொடுத்தாள், பதில் கொடுக்கவில்லை. இரண்டாம் வருடம் அழுகை கொஞ்சம் குறைந்தது. மூன்றாம் வருடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பானேன் என்று புளி கொண்டுவந்தாள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து கொட்டை எடுத்தார்கள். நாலாம் வருடம் வீட்டுச் சங்கதிகள் பேச ஆரம்பித்தாள். மகளுக்கு அவள் ஆசைப்பட்ட பையனையே முடித்துவிட்டது, பெரியவன் தனியாக உழ ஆரம்பித்தது, சின்னவன் உழவு பிடிக்காமல் ஏலப்பாறையில் எஸ்டேட் ஆபீசில் சேர்ந்தது, தானே வாளையாறு ரோட்டோரம் லாரிக்காரர்களுக்கு இளநீர்க் கடை போட்டது. அவள் பேசுகிற வேகமும் சத்தமும் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போயிற்று. மருதாத்தாளுக்கு எதிரே உட்கார்ந்து பேசினால் யாரும் குறுக்கே பேசுவதில்லை, அது அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது.

ஆறாம் வருடம் ஒரு வெள்ளிக்கிழமை ராமாத்தாள் கொட்டை எடுப்பதை நிறுத்திவிட்டு, கழுத்தை நீட்டித் தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். “அக்கா, ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்கக் கூடாது. அந்த வார்த்தைய அப்படியே வெச்சிருங்க. முடிக்க வேண்டாம்.” மருதாத்தாள் நிமிர்ந்து பார்த்தாள். “இருவது வருசம் குடும்பம் பண்ணுனேன். அவரு முன்னால நான் ஒரு பேச்ச முழுசாப் பேசுனதில்லீங்க்கா. ‘ஏனுங்க, இன்னைக்கு’ன்னு ஆரம்பிப்பேன், ‘சரி சரி’ம்பாரு. எனக்குத் திக்கில்ல. இருந்தும் பேச்சு பாதிலதான் நிக்கும். இப்பத்தான் தூங்கி எந்திரிச்ச மாதிரி இருக்குது. நீங்க நல்லா இருக்கோணும்.” அவள் கும்பிட்டாள். கும்பிட்டுவிட்டு, பாரம் இறங்கின முகத்தோடு புளியைக் கூடையில் அள்ளிப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மருதாத்தாள் அன்றைக்கு வெயில் தாழும்போது மதகுக்குப் போனாள். இத்தனை வருடம் அவள் அவரைத் தூரத்திலிருந்து பார்த்தாளே தவிர, முகத்துக்கு நேரே போய் நின்றதில்லை. இப்போது நின்றாள். குப்பண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். தோளில் குருவி எச்சமும் வெளுத்த கொடித்துணியும், ஆனால் முகம் அன்றைக்கு இருந்த அதே முகம். தலையில் ஒரு நரை கூடவில்லை. நெற்றியில் ஒரு சுருக்கம் விழவில்லை. தாடை வலியில்லை, பசியில்லை, யாரும் தன்னைத் தேடவில்லை என்பது தெரியாது. திக்குவாய்க்காரி வாயைத் திறந்தபடி நிற்கிற அந்த ஒரு நொடியின் சந்தோஷத்தில் ஆறு வருடமாக இடைவெளியில்லாமல் இருந்துகொண்டிருக்கிறார். தண்டனை என்று நினைத்து இவள் கட்டிக்காத்ததெல்லாம் அவருக்குக் கொண்டாட்டமாக இருந்திருக்கிறது! மனைவிக்கு நிம்மதி, பிள்ளைகளுக்கு நிம்மதி, அவருக்கோ ஒரே சிரிப்பு. உடம்பு நொந்தது தனக்கு மட்டும்தான். மருதாத்தாளுக்குக் காதெல்லாம் சூடேறியது. அங்கேயே சொல்லை விட்டுவிடத்தான் நினைத்தாள். பிறகு, இவ்வளவு பொறுத்தவள் இன்னும் கொஞ்சம் பொறுத்தால் என்ன என்று திரும்பிவிட்டாள். ஆத்திரம் அடங்கியதால் அல்ல, சரியான நேரம் வரட்டும் என்பதால்.

இன்னொரு வருடம் பொறுத்தாள். குப்பண்ணன் வீட்டின் குறுக்கே பெரியவன் சுவர் வைத்து இரண்டாகப் பிரிக்கும்வரை பொறுத்தாள். அவருடைய வண்டி மாடுகளை விற்கும்வரை, அவர் படுத்த கட்டில் கயிறு அறுந்து விறகுக்குப் போகும்வரை, பேத்தி பிறந்து நடக்கும்வரை பொறுத்தாள். எல்லாம் ஆனபின் ஒரு வெள்ளிக்கிழமை, ராமாத்தாளின் எதிரே உட்கார்ந்து, மதகுப் பக்கம் கையைக் காட்டி, கன்னத்தைத் தொட்டு, விரலை வெளியே விரித்தாள். ராமாத்தாளுக்குப் புரிந்தது. கையிலிருந்த புளியைக் கூடையில் போட்டாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, “வந்தா வரட்டுங்க்கா. எம்பட ஊட்டுச் சாவி எங்கிட்ட இருக்குது” என்றாள்.

1979ஆம் வருடம் ஐப்பசியில், முறை நாளன்று, எல்லாரும் கூடியிருக்கும்போது மருதாத்தாள் குப்பண்ணனுக்கு எதிரே போய் நின்று, ஏழு வருடமாக அடக்கிவைத்திருந்ததை விட்டாள். “...ந்துட்டனுங்க.” குரல் உடைந்து, துருப்பிடித்துத்தான் வந்தது. சுடர் ஆடியது. குப்பண்ணன் பதிலே வராது என்று நினைத்திருந்ததால் திகைத்துப்போனார், குச்சி விரலைச் சுட்டது, உதறினார். “சரி சரி, எப்படியோ சொல்லிப்போட்டா” என்று பக்கத்தில் நின்றவரைப் பார்த்துச் சிரித்தார். பக்கத்தில் நின்றவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. யாரும் சிரிக்கவில்லை. பலகையைத் தூக்கு என்றார். பலகை முன்பே தூக்கியிருந்தது. தோளில் கிடந்த கொடியை எடுத்துப் பார்த்தார். கூட்டத்தில் ஒருவர் மரியாதையாக, “உங்க மொறை போன மாசமே முடிஞ்சுதுங்க, உங்க பெரியவன் கூப்புட்டான்” என்று சொல்லிவிட்டு மண்வெட்டியோடு வயலுக்கு இறங்கினார். மற்றவர்களும் இறங்கினார்கள். வேலை நேரம்.

வீட்டுக்குப் போனவர் சுவரில் முட்டிக்கொண்டார், ஏனென்றால் அவர் விட்டுவந்தபோது அந்த இடத்தில் சுவர் இல்லை. வாசலில் ஒரு குழந்தை அவரைப் பார்த்து அலறி உள்ளே ஓடிற்று. ராமாத்தாள் வெளியே வந்தாள். என்ன நடந்தது, யார் யார் எங்கே, எது யாருடையது என்று ஆரம்பத்திலிருந்து சொன்னாள். அவர், “சரி சரி” என்றார். அவள் நிறுத்தவில்லை. மறுபடியும், “சரி சரி” என்றார். அவள் சத்தத்தை ஒரு படி உயர்த்திக்கொண்டு பேசி முடித்தாள். முடித்துவிட்டு, பின்பக்கத்துச் சாய்ப்பில் பாய் இருக்கிறது, சோறு பெரியவன் வீட்டில் என்று சொல்லி, கடைக்கு நேரமாகிவிட்டது என்று பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் குப்பண்ணன் முகம் மழித்து, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு மருதாத்தாள் வீட்டுக்கு வந்தார். அவள் மாட்டுத்தொட்டியை நிறைத்துக்கொண்டிருந்தாள். வந்த வேகத்தில் திட்டத்தான் நினைத்திருப்பார், குரல் கெஞ்சலாகத்தான் வந்தது. “எதுக்கு என்னைய உட்டே? அங்கயே நிக்க வெச்சிருக்கலாமல்ல? எனக்குன்னு ஒரு சொம்பு தண்ணி மோந்து குடுக்க ஆளில்லாத ஊருக்குள்ள எதுக்கு உட்டே?” மருதாத்தாள் குடத்தைக் கவிழ்த்தபடியே நிமிர்ந்தாள். சொல்லவேண்டியது ‘வ’வில்தான் தொடங்கியது. வேறு சொல் போட்டு வளைத்துப்போக அவளுக்குத் தெரியாததல்ல. வளைக்கவில்லை. கீழுதட்டில் பல் பதிந்தது, கை வந்து பிடித்தது. குடத்திலிருந்து விழுந்த தண்ணீர் கண்ணாடிக் கம்பியாக நின்றது. எருமையின் வால் நின்றது, பக்கத்துத் தோட்டத்து மோட்டார் நின்றது, அடுப்புப் புகை கூரைக்கு மேலே நின்றது. இந்தத் தடவை அவள் ஒரே ஒரு ஆளைத்தான் வெளியே விட்டாள். குப்பண்ணனுக்கு மட்டும் எல்லாம் நகர்ந்தது: இமை, மூச்சு, வயிறு.

அவர் காத்திருந்தார். கொஞ்ச நேரம் போனதும், “வ... வம்புக்கா? வயித்தெரிச்சலா?” என்று எடுத்துக்கொடுத்துப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. கிளம்பிவிடலாம் என்று வாசல் படலைத் தள்ளினார், படல் மலைபோல நின்றது. மேலே ஏறிக் குதிக்கப் பார்த்தார், காற்றே கெட்டியாக இருந்தது. பசித்தது. தாகம் எடுத்தது. தொட்டித் தண்ணீரை நக்கிப் பார்த்தார், நாக்கு நனையவில்லை. சூரியன் தென்னங்குருத்துக்கு மேலே ஒரே இடத்தில் இருந்ததால் இரவு வரவில்லை, தூக்கமும் வரவில்லை. கத்தினார், கும்பிட்டார், மருதாத்தாளின் வாயையே பார்த்துக்கொண்டு தரையில் குந்தினார். அவளும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் மழித்த கன்னத்தில் முள் முளைத்தது, முள் நரைத்தது, தாடி இறங்கி நெஞ்சைத் தொட்டது. முன்பல் இரண்டு ஆடி விழுந்தன. நின்ற ஏழு வருடத்தில் அவருக்கு ஏறாமல் போன வயதெல்லாம் அந்த வாசலில் வைத்து ஒன்றுவிடாமல் ஏறியது, கொஞ்சம் கூடுதலாகவும். அவளுக்கு இரக்கம் வரவில்லை. வரும் என்று எதிர்பார்த்துப் பார்த்தாள், வரவில்லை.

“வலி தெரியோணும்னுதானுங்க” என்று அவள் சொல்லி முடித்தாள்.

குடத்துத் தண்ணீர் தொட்டியில் விழுந்தது. மோட்டார் ஓடியது. எருமை வாலை வீசிற்று. குப்பண்ணன் தரையில் கையூன்றி எழுந்து, சரி என்று தலையை ஆட்டி, படலைத் திறந்துகொண்டு மெதுவாக நடந்தார். வெள்ளைத்தாடியும் கூன் முதுகுமாக அவர் போவதைத் தெருவில் பார்த்தவர்கள் யாரும் நின்று ஒன்றும் கேட்கவில்லை. மருதாத்தாளிடம் போய்ப் பேசிவிட்டு வருகிறார் என்று சொல்லிக்கொண்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.